மழைக்கு நிற்க ஓர் இடம்

சுவா,
7 செப்டம்பர் 2025, ஞாயிறு.

என் மகள் குமுதினிக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. கடல் தாண்டிச் சபாவில், கோத்தா கினபாலுவில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை என்றாயே, கொடுத்துவிட்டார்களா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். ஞாயிறுதோறும் நீ கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், சாப்பிட்டீர்களா என்று நீ கேட்கிறாய். பேச்சு கொஞ்சம் நீண்டு அண்ணன் பக்கம் திரும்பினால், "அம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நானும் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி "சரிம்மா, வை" என்கிறேன். கடிதத்தைப் பாதியில் மூடினாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். எனக்கு இப்போது தலை குழம்பிக் கிடக்கிறது. யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நம் செம்பனைத் தோட்டத்தின் நடுவே போட்டார்களே நான்கு வழிச் சாலை, உன் அண்ணன் திவாவைக் கொண்டுபோன சாலை, அதில் இனிமேல் மோட்டார் சைக்கிள்களை விடக்கூடாது என்று தடை கேட்கிறார்கள். கேட்பது சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடியேறிய தாமான்காரர்கள். இருநூறு வீட்டார் கையெழுத்துப் போட்டு நகராண்மை மன்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். காடியும் லோரியும் மட்டும் போகட்டும், மோட்டார்கள் எல்லாம் பழைய தோட்டப் பாதையைச் சுற்றிப் போகட்டும் என்கிறார்கள். அக்டோபர் முதல் தேதி கூட்டம். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு மன்றம் முடிவு செய்யுமாம்.

மனுவை எதிர்த்து நிற்பவர் யார் தெரியுமா? உன் அப்பா.

போன வருடம் போலீஸ்காரர்கள் திவாவின் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று உன்னிடம் சொல்லவில்லை. அதை இரும்புக் கடையில் போட்டுவிட்டு வரச் சொன்னேன். அப்பா கொட்டகையில் வைத்து ஆறு மாதம் பழுது பார்த்தார். இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறார். அந்தச் சத்தம் வாசலில் கேட்கும்போதெல்லாம் கதவு வரைக்கும் போய்விடுகிறேன். சத்தம் மாறவில்லை குமு. வருவது மட்டும் வேறு ஆள். எப்படி உங்களால் அதன் மேல் உட்கார முடிகிறது என்று ஒரு நாள் கத்திவிட்டேன். "மோட்டார் அவனக் கொல்லல தனம். அவன் நின்னுகிட்டு இருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் அவருடைய வாதம். மோட்டார் திரும்பி வந்தபோது அதன் பக்கக் கால், நிறுத்தும்போது சாய்த்து வைப்போமே அந்தக் கம்பி, கீழே இறங்கி வளைந்திருந்ததாம். ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குக் கால் எப்படி இறங்கும் என்று கேட்கிறார். மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் பையன் சாலை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறான், லோரி அவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்கிறார். பையன் வேகமாக வந்து வழுக்கி என் டயருக்கடியில் விழுந்தான் என்று லோரிக்காரன் எழுதிக் கொடுத்ததுதான் ரிப்போர்ட்டில் இருக்கிறது. பேப்பரிலும் அதுதான் வந்தது. அப்பா போகாத ஆபீஸ் இல்லை. ஒரு கம்பியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எல்லாரும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் மோட்டார்க்காரர்கள் குழு ஒன்று தொடங்கினார். தோட்டத்திலும் பக்கத்து மலாய்க்காரர் கம்பத்திலும் மோட்டார் ஓட்டுகிறவர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அப்பா தலைவர்! கோயில் கூட்டத்தில் கூடப் பின்னால் நின்று கேட்கிற மனிதர். சாலை ஓரத்தில் மோட்டாருக்கென்று தனி வழி வேண்டும், மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும், விளக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் தடை மனு வந்தது. "எடம் குடுன்னு கேட்டா, வராதன்னு சொல்றாங்க" என்று அன்று சோறு இறங்காமல் எழுந்துவிட்டார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடை நல்லதுதானே என்று சொல்லியிருப்பேன். அப்படி ஒரு தடை அன்றைக்கே இருந்திருந்தால் திவா அந்தச் சாலைக்கே போயிருக்க மாட்டானே?

இந்த நேரத்தில் போன வெள்ளிக்கிழமை செல்வநாயகம் ஐயா வீட்டுக்கு வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தாமான் சங்கத்தின் தலைவர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் நம் தோட்டத்துப் பெரிய கிராணி. எங்கள் ஆட்கள் பேர் பதிய அவர் மேசைக்கு முன்னால்தான் வரிசையில் நின்றார்களாம். அந்த வீட்டு மனிதர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

"பிள்ளை, நான் உங்கட மனசை நோகப்பண்ண வரேல்லை. இன்னொரு தாய் இப்பிடி அழக்கூடாது எண்டுதான் வந்தனான். கூட்டத்தில நீங்கள் எழும்பி ரெண்டு வார்த்தை சொன்னியள் எண்டால், நாங்கள் இருநூறு பேர் போட்ட கையெழுத்தைவிடப் பெரிசு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை குமு. பேசும்போது கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் மோட்டாரில் படுத்துக்கொண்டு பந்தயம் விடுகிறார்கள், அவருடைய பேத்தி ஒதுங்கப் போய்க் காலை உடைத்துக்கொண்டாள். நான் கூட்டத்தில் படிக்க வேண்டியதை மலாயில் அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். 'வேகத்துக்கு என் மகனைப் பறிகொடுத்தேன்' என்று முதல் வரி. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டவில்லை. புருஷன் ஒரு பக்கம், என் மனசு ஒரு பக்கம். இது என் மனசுதானா என்பதும் தெரியவில்லை. நீ படித்தவள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று நாலு வரி எழுது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், அப்பா பார்த்துவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


சுவா,
21 செப்டம்பர் 2025.

குமுதினி,

உன் பதில் இன்னும் வரவில்லை. சபாவிலிருந்து தபால் வர எத்தனை நாளாகுமோ? போன ஞாயிறு போனில் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன், கிடைத்தது என்றாய். அதற்குமேல் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரி, இதையும் படி.

செவ்வாய்க்கிழமை சுங்கை காடுட்டில் வேலை முடிந்து வெளியே வந்தால் தொழிற்சாலை பஸ் கெட்டுப்போய் நிற்கிறது. வேறு பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். முன் லயத்து வீட்டுப் பெண் பஞ்சாலை, இப்போது எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்பவள், மோட்டாரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்கக்கா, மெதுவாத்தான் போவேன் லா" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. கூடுதல் ஹெல்மெட் ஒன்றை என் தலையில் மாட்டி, குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி வாரையும் கட்டிவிட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மோட்டாரில் ஏறினேன். அவள் இடுப்பை எப்படிப் பிடித்திருந்தேன் என்றால், வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவள் சட்டை கிழிந்திருந்தது.

நான் தினம் பஸ்ஸில் போகிற அதே சாலைதான். மேலிருந்து பார்க்கும்போது இதெல்லாம் தெரிந்ததே இல்லை. மோட்டார்களுக்கு இடது ஓரத்தில் ஒரு முழம் அகலம். அந்த ஒரு முழமும் உடைந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மூடியில்லாத சாக்கடை, இல்லாவிட்டால் இரும்புத் தடுப்பு. இந்தப் பக்கம் லோரி. லோரி கடக்கும்போது ஒரு காற்று நம்மைத் தள்ளும், போன பிறகு இன்னொரு காற்று உள்ளே இழுக்கும். பஞ்சாலை அதற்கு ஏற்ற மாதிரி உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுகிறாள். இது உனக்குப் பழக்கமா என்று காதருகில் கத்தினேன். "பதினோரு வருசமாக்கா" என்றாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. உனக்கு நம் பக்கத்து மழை தெரியும். தூறல் என்று ஒன்று கிடையாது, வாளியைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். முன்னால் போன காடியின் பின்விளக்குகூடக் கரைந்து போய்விட்டது. பஞ்சாலை வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பி, "அக்கா, நிக்கவா, போவவா? சொல்லுங்க" என்று கேட்டாள்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் மறுபடி கேட்டாள். "நிக்கவா? போவவா?" கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் அவளே முடிவு செய்து ஓட்டிக்கொண்டே போய்ப் பாலத்துக்கு அடியில் நிறுத்தினாள். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து மோட்டார்கள். வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியப் பெண் ஒருத்தி, பள்ளிச் சட்டையில் ஒரு பிள்ளையை முன்னால் வைத்திருந்த மலாய்க்காரர். எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். ஒவ்வொரு லோரியும் எங்கள் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் திட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பஞ்சாலை என்னிடம் கோபித்துக்கொண்டாள். "ரெண்டு தடவ கேட்டேன், ஒரு வார்த்த சொன்னா என்னாக்கா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த எடம் தாண்டினதால பயந்துட்டீங்களா?" என்று தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். ஆமாம் என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

அங்கேயே அவளிடம் தடை பற்றிக் கேட்டேன். "பஸ்ஸு ஏழரைக்குக்கா. எனக்குக் காலையில ஓவர்டைம், ஏழுக்கே உள்ள நிக்கணும். காலையில அஞ்சரைக்கு அந்தத் தோட்டப் பாதையில ஒரு பொம்பள தனியா போவ முடியுமா? வெளக்கு கெடையாது, போன் லைன் கெடையாது. விழுந்து கெடந்தா பழம் ஏத்த வர்ற லோரிக்காரன் பாத்தாத்தான் உண்டு. ரோட்டுல போவாதன்னு சொல்றவங்க, வேலைக்கே போவாதன்னு நேரா சொல்லிட்டுப் போலாமே? நானும் ரோட்டு வரி கட்டுறேன் லா. நான் என்ன மனுசி இல்லியா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "செல்வநாயகம் சார் உங்களப் பேசக் கூப்பிட்டாராமே?" என்றாள். எப்படித்தான் தெரிகிறதோ. இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். மழை விட்டதும் என்னை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க அப்பா பக்கமும் பஞ்சாலை பக்கமும்தான் இருந்தேன். ஆனால் பார், நேற்று சந்திப்பில் இருக்கும் கடைக்கு மீன் வாங்கப் போனேன். பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். வயிற்றை இருக்கையில் வைத்து, காலைப் பின்னால் நீட்டி, மீன் மாதிரி படுத்துக்கொண்டு. ஒருத்தன் சிவப்பு விளக்கில் அப்படியே புகுந்து போனான். ஒரு அம்மா தள்ளுவண்டிக் குழந்தையோடு பின்னால் குதித்தாள். இவர்களுக்காகவா அப்பா போராடுகிறார்? தடை வரட்டும், நாளைக்கே வரட்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அரிசி டின்னைத் தூக்கித் தாளை எடுத்து இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். 'வேகத்துக்கு என் மகனைப் பறிகொடுத்தேன்.' இரண்டு தடவையும் அந்த முதல் வரியோடு தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரி தனம். ஒன் புள்ள அவன்" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள். நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவேளை நீ எழுதினால் எனக்கு இன்னும் குழம்பும்.

அம்மா


சுவா,
5 அக்டோபர் 2025.

என் கண்ணு குமுதினிக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. ஆஸ்பத்திரியில் வைத்துப் படிக்காதே.

புதன்கிழமை கூட்டம் நடந்தது. மன்றத்து மண்டபத்தில் நாற்காலி போதாமல் மோட்டார்க்காரர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். தாமான்காரர்கள் முன் வரிசையில். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அப்பா முதலில் பேசினார். பாவம், அவருக்கு மேடை தெரியாது. கம்பியைப் பற்றிச் சொன்னார், தனி வழி பற்றிச் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். பின்னாலிருந்து யாரோ மலாயில், பையனை அடக்கி வளர்த்திருந்தால் இங்கே வந்து நிற்க வேண்டியிருக்காது என்றார்கள். அப்பா யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்குக்கு முன்னால் நின்று தாளைப் பிரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். தாளை மடித்தேன். குமு, அங்கே நான் சொன்னதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை முந்நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

அன்றைக்கு நீ நீலாய் ஸ்டேஷனில் பஸ்ஸை விட்டுவிட்டு, வந்து அழைத்துப்போக அண்ணனைக் கூப்பிட்டாய். அவன் கிளம்பினான். அவன் போன பத்தாவது நிமிடம் மழை பிடித்தது. நான் அவனுக்குப் போன் செய்தேன். காதில் மாட்டிக்கொண்டு பேசுவானே, எடுத்தான். மழை கொட்டுகிறது, ஓட்டாதே, ஓரமாக நில், தங்கச்சி கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றேன். "இங்க நிக்க எடமில்லம்மா, கொஞ்ச தூரம் போனா பாலம் வரும், அங்க நிக்கிறேன்" என்றான். எதிர்த்துப் பேசாதே, இப்போதே நிறுத்து என்று அதட்டினேன். "சரிம்மா, நிக்கிறேன்" என்றான். மோட்டார் சத்தம் அடங்கியது எனக்குக் காதில் கேட்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வேகமாகப் போகவில்லை அவன். நான் நிற்கச் சொன்னேன், நின்றான்.

இதைத்தான் அங்கே சொன்னேன். மலாயில்தான் ஆரம்பித்தேன். பாதியில் எனக்குத் தெரியாமலேயே தமிழுக்கு வந்துவிட்டேன். அதிகாரிக்குப் புரியவில்லை. மண்டபத்தில் யாராவது மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். முன் வரிசையிலிருந்து செல்வநாயகம் ஐயா எழுந்தார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை, நான் அப்பிடியே சொல்லுறன்" என்றார். அப்படியே சொன்னார். ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை. அவர் கொடுத்த மனுவுக்கு எதிராகத்தான் நான் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். 'நிக்கிறேன்' என்ற சொல்லை மலாயில் பாதி சொல்லி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி சொன்னார்.

அப்பாவும் அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் மோட்டார்க்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். பஞ்சாலை கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா வாசலில் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போனதும் ஹெல்மெட்டை நீட்டினார். திவாவின் மோட்டாரில் அவர் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தேன். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும், "ரெண்டு வருசமா என்னத் தனியா விட்டுட்டியே தனம்" என்றார். அவ்வளவுதான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்தான். ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் என்னைத்தானே பார்ப்பார்கள்?

நேற்றுச் சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்து, நான் திவாவுக்குப் போன் செய்தபோது என்ன மணி இருக்கும் என்று கேட்டார். ஆறு பத்து என்றேன். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். தேத்தண்ணி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

என்ன முடிவானது என்று கேட்பாய். தடை இப்போதைக்கு இல்லை. மூன்று மாதம் ஆராய்ந்து சொல்கிறோம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பொறியாளர்கள் வந்து அந்த இடத்தில் நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம். மழைக்கு ஒதுங்கும் கூரை வரலாம், வராமலும் போகலாம். தனி வழி கேட்டதற்குப் பதிலே இல்லை. செல்வநாயகம் ஐயாவைச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து இறங்கச் சொல்கிறார்களாம். அவர் கூரைக்கான மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பந்தயம் விடுகிறவர்களைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் எழுதியிருக்கிறார். அதில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

யாரோ ஃபேஸ்புக்கில், பெற்ற தாயே பிள்ளையை நிறுத்திக் கொன்றாள் என்று எழுதியிருக்கிறார்களாம். பஞ்சாலை காட்ட மாட்டேன் என்றாள். நான் பிடுங்கிப் பார்த்தேன். அப்படியும் இருக்கலாமோ என்று தோன்றுகிறது. போகச் சொல்லியிருந்தால் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பானா, வழியில் வழுக்கியிருப்பானா? இரண்டு வருடமாகத் தினமும் கேட்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் வேறு பதில். இந்தக் குழப்பம் என்னை விட்டுப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் எழுத முடியும். நீ எதை நினைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். 'நான் அண்ணனைக் கூப்பிடாமல் இருந்திருந்தால்' என்றுதானே? அவன் காரியம் முடிந்த மூன்றாம் மாதம் நீ சபாவுக்கு எழுதிக் கேட்டு வேலை வாங்கிக்கொண்டு போனபோதே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி உன்னை நிறுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. நீ உன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருந்தவரைக்கும் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. பெற்றவள் செய்கிற காரியமா இது? தங்கச்சி கூப்பிட்டாள், அண்ணன் கிளம்பினான். அதில் என்ன இருக்கிறது? கூப்பிட ஆள் இருந்தது, அதனால் கூப்பிட்டாய்.

தீபாவளி இருபதாம் தேதி. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். ஒரு நாள் கிடைத்தாலும் வா. நீ வந்து என்னைத் திட்டினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி. உன் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அப்பா உனக்குப் பிடித்த நண்டுக்கு இப்போதே போர்ட்டிக்சன் மீன் கடையில் சொல்லி வைத்துவிட்டார். நீ வருவதாக அவரிடம் நான் சொல்லவே இல்லை.

எந்த விமானம் என்று முன்னாலேயே சொல். அழைத்துவர காடி வேண்டுமென்றால் பஞ்சாலையின் தம்பியிடம் கேட்கிறேன். மோட்டார் போதும் என்றால் அப்பா வருவார். நானே பஸ் பிடித்து வந்துகொள்கிறேன், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. இறங்கியதும் கூப்பிடு குமு. மழையாக இருந்தாலும் கூப்பிடு. வருகிறோம்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியாத,

உன் அம்மா
தனலெட்சுமி